காவிரிப் படுகையிலிருந்து கொடைக்கானலுக்கு: மலை வீட்டின் கண்ணாடித் தடுப்புகளைத் திட்டமிடுதல்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து சென்று கொடைக்கானலில் வீடு கட்டுபவர்கள், கண்ணாடி வேலையைப் பழகிய ஊர்ப் பட்டறையிலேயே ஒப்படைப்பதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் நிற்கப்போகிறது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தாழ்வாரத்தை மூட இரட்டைக் கண்ணாடி கேட்பவர்களுக்கு இது மிக முக்கியம். இரு கண்ணாடிகளுக்கும் நடுவில் அடைபடுவது சமவெளிக் காற்று. மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுவதால், உள்ளே இருக்கும் காற்று கண்ணாடிகளை வெளிப்புறமாகத் தள்ளி, ஓரப் பசையைப் பிரிக்கும் அல்லது கண்ணாடியையே உடைக்கும். அகலமான கண்ணாடி ஓரளவு வளைந்து கொடுக்கும். வளைய இடமில்லாத சிறிய, குறுகிய கண்ணாடிகளுக்கே ஆபத்து அதிகம். ஆகவே, உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமாகும்படி, தயாரிக்கும்போதே ஓரச் சட்டத்தில் மெல்லிய நுண்குழாய் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். பொருத்துபவர் அதன் வாயைச் சிலிகோன் பசையால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் கடப்பதைக் குறைக்கக் காற்றுக்குப் பதிலாக உள்ளே நிரப்பும் ஆர்கான் வாயு அந்தக் குழாய் வழியே கசிந்துவிடும் என்பதால், ஆர்கானுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். பட்டறைக்கு இந்த முறை பழக்கமில்லையென்றால், நடுவில் காற்று இடைவெளியில்லாத ஒற்றை லேமினேட்டட் கண்ணாடியே (இரு தகடுகளை இடையில் படலம் வைத்து ஒட்டியது) மேல் என்பது என் கருத்து. இரவில் அதன் உட்புறம் வியர்க்கும் என்பதால், மேலே திறக்கக்கூடிய காற்றுவழியும் கீழே நீர் வடியும் துளைகளும் அவசியம்.

மாடி விளிம்புத் தடுப்புக்கு, இரண்டு டஃபன்ட் கண்ணாடிகளை (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவேற்றியவை) ஒட்டிய லேமினேட்டட் வகையைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். ஒற்றை டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் முழுவதுமாக உதிர்ந்துவிடும். சரிவின் மேல் நிற்பவருக்கு அதன்பின் எந்தத் தடுப்பும் இல்லை. கண்ணாடிகளின் மேல் விளிம்பில் தொடர்ச்சியான கைப்பிடிக் கம்பியும் இருக்கட்டும். டஃபன்ட் செய்த கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், வரைபடத்தை நம்பாமல், தரைக்கல் பதித்த பிறகே அளவெடுக்க வேண்டும். மூடுபனி தொடர்ந்து படியும் இடத்தில் லேமினேட்டட் கண்ணாடியில் வழக்கமாக ஒட்டப்படும் பி.வி.பி. பிளாஸ்டிக் படலத்தின் ஓரம் ஈரம் உறிஞ்சி வெளுத்துப் பிரியக்கூடும். திறந்த விளிம்புகளுக்கு, ஈரத்தை அதைவிட நன்றாகத் தாங்கும் அயனோபிளாஸ்ட் என்ற படலம் ஏற்றது.

அடியிலுள்ள அலுமினியச் சேனலில் நீர் தேங்கவே கூடாது. உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் தேங்கிய நீர் உறைந்தால், அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகிக் கண்ணாடியின் அடியை நெருக்கும். வெப்பத்தில் கண்ணாடியைவிட அலுமினியம் இரண்டரை மடங்கு விரிவதால், இரண்டும் நேரடியாகத் தொடாதபடி ரப்பர் கட்டைகள் வைக்க வேண்டும்.

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் கொடைக்கானலிலும் மரங்களைச் சாய்த்தது. மலைமுகட்டில் காற்று வேகமெடுக்கும் என்பதால், கட்டடங்கள் மீதான காற்று விசைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, நில அமைப்புக்காகக் காற்றின் வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், அது 1.85 மடங்காகிறது. கண்ணாடியின் கனத்தைப் பட்டறையின் வழக்கப்படி விடாமல், கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்கிட்டுக் கையொப்பத்துடன் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.