ஒரு போருக்கு ஆன செலவைக் கணக்குப் போடுவது எப்படி?

ஏதாவது ஒரு போரைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், 'இத்தனை கோடி டாலர் செலவு' என்று ஓர் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி என்று வியட்நாம் போரை வைத்துச் சொல்கிறேன். முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அதனால் பில்களில் பாதியாவது வந்து சேர்ந்துவிட்டன.

முதலில் அரசாங்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அது எந்த வருடத்துப் பணம் என்று பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு போட்ட கணக்கில் அன்றைய மதிப்பில் 11,100 கோடி டாலர், 2011 மதிப்பில் 73,800 கோடி டாலர். இரண்டுமே சரி, ஆனால் யார் எதை எடுத்து வீசுகிறார்கள் என்பதிலேயே அவர்களின் கட்சி தெரிந்துவிடும். அப்புறம், இது ராணுவ நடவடிக்கைக்கான செலவு மட்டும். முன்னாள் வீரர்களின் சலுகைகள், கடனுக்கான வட்டி, கூட்டாளி நாடுகளுக்குக் கொடுத்த உதவி எதுவும் இதில் இல்லை. வீடு கட்டிய செலவைக் கேட்டால் செங்கல், சிமெண்ட் விலையை மட்டும் சொல்லிவிட்டு வங்கிக் கடனை மறைப்பது மாதிரி.

அடுத்தது விலைவாசி. அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் வறுமை ஒழிப்புத் திட்டங்களையும் போரையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார், 10 சதவீதக் கூடுதல் வரி வந்தது 1968-ல்தான். பணவீக்கத்தில் போரின் பங்கைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம், இங்கே எண் வேண்டாம், ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

சாவுக் கணக்கில் கவனமாக இருங்கள். வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000-க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன, பலருடைய கணக்கு அந்தச் சுவரோடு முடிந்துவிடுகிறது. 1995-ல் வியட்நாம் அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் தங்கள் தரப்பான வடக்கின் போராளிகள் 11 லட்சம் பேர், பொதுமக்கள் 20 லட்சம் பேர் வரை. அமெரிக்காவோடு சேர்ந்து போரிட்ட தெற்கு வியட்நாம் ராணுவத்தில் செத்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல், அவர்கள் அந்தப் 11 லட்சத்தில் வரமாட்டார்கள். தோற்ற தரப்பு என்பதால் இரண்டு பட்டியலிலும் விடுபட்டுப் போகிறவர்கள் இவர்கள், உங்கள் அட்டவணையில் தனி வரிசையாகவே போடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தத் தேதியோடு கணக்கை முடிக்கிறீர்கள் என்பது. அமெரிக்கப் படை 1973-ல் கிளம்பிவிட்டது, தெற்கின் தலைநகர் சைகோன் 1975-ல் விழுந்தது, ஆனால் செலவு நிற்கவில்லை. 1865-ல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு, 2020 வரை போய்க்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் 1962 முதல் 1971 வரை சுமார் 7 கோடி லிட்டர் களைக்கொல்லி தெளித்தார்கள், அதில் பெரும்பகுதி டையாக்சின் என்ற நச்சு கலந்த ஏஜென்ட் ஆரஞ்ச். அதனால் வந்ததாகக் கருதி நஷ்டஈடு தரும் நோய்களின் பட்டியலில் அமெரிக்கா ரத்தக்கொதிப்பைச் சேர்த்தது 2022-ல். வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் அந்த நச்சு ஊறிய மண்ணைச் சூடுபடுத்திச் சுத்தம் செய்யும் வேலை 2018 வரை இழுத்தது. பியென் ஹோவா விமானத் தளத்தில் அதைவிடப் பெரிய வேலை.

பக்கத்து நாட்டையும் விட்டுவிடாதீர்கள். லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டார்கள், சுமார் 8 கோடி சிறு குண்டுகள் வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. 2016-ல் ஒபாமா லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்குப் போய், அவற்றை அகற்ற மூன்று வருடத்துக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அந்த 9 கோடி கணக்கில் ஏறும். குண்டுக்குப் பயந்து உழாமல் போட்ட நிலத்தின் நஷ்டம் எந்த பட்ஜெட்டிலும் ஏறாது.

இப்படித் தொகை தெரியாத இடத்தில் பூஜ்யம் போடாமல், கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கும் இதே அட்டவணை போதும், காலிக் கட்டங்கள்தான் இன்னும் நிறைய இருக்கும்.