ஃப்ளட்டர் ஆப்பில் டெக்ஸ்ட்ஃபீல்டைக் காலி செய்வது எப்படி

கடைகளுக்கான பில்லிங் ஆப் எழுதுவது என் பிழைப்பு. நாள் முழுக்க ஃப்ளட்டர்தான், அதாவது ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுத உதவும் கருவி. டெக்ஸ்ட்ஃபீல்டை (பயனர் எழுத்தடிக்கும் பெட்டியை) காலி செய்வது பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று தோன்றலாம். பெட்டியின் எழுத்தை வைத்திருக்கும் கன்ட்ரோலரில் க்ளியர் என்று ஒரு மெத்தட் (கூப்பிட்டால் ஓடும் கட்டளை) இருக்கிறது, கூப்பிட்டால் பெட்டி காலி. அந்த ஒரு வரி உண்மைதான். ஆனால் கல்லாவில் நிற்பவர் திட்டுவது அந்த வரிக்காக இல்லை. பெட்டி காலியான பிறகு கர்சர் எங்கே போனது, கீழே இருக்கும் லிஸ்ட் ஏன் மாறவில்லை, எதையும் தொடாமலே ஏன் சிவப்பு எழுத்து வருகிறது என்பதற்காகத்தான்.

முதலில் அடிப்படையை முடித்துவிடுவோம். ஒவ்வொரு டெக்ஸ்ட்ஃபீல்டுக்கும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டிங் கன்ட்ரோலர் வையுங்கள். அதைத் திரையின் நிலையை வைத்திருக்கும் ஸ்டேட் கிளாசில் உருவாக்கி, திரை மூடும்போது ஓடும் டிஸ்போஸ் மெத்தடில் மறக்காமல் டிஸ்போஸ் செய்யுங்கள், அதாவது விடுவியுங்கள். திரையை வரையும் பில்ட் மெத்தடுக்குள் மட்டும் உருவாக்காதீர்கள். அங்கே வைத்தால் ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கப்படும்போதும் புதிய கன்ட்ரோலர் பிறக்கும், பயனர் அடித்தது காணாமல் போகும். "நான் காலி செய்யவே இல்லை, தானாகக் காலியாகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது பில்ட் மெத்தடைத்தான்.

காலி செய்ய, கன்ட்ரோலரின் டெக்ஸ்டுக்கு வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத மதிப்பை) கொடுப்பவர்களும் உண்டு. எழுத்து போய்விடும், ஆனால் கர்சரின் இடம் மைனஸ் ஒன்று, அதாவது எங்கும் இல்லை என்று ஆகிவிடும். க்ளியர் கர்சரையும் சேர்த்துத் தொடக்கத்தில் வைக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். க்ளியர் தன்னைக் கவனிக்கும் எல்லோருக்கும் உடனே தகவல் சொல்லும். அதனால் பட்டன் அழுத்தியது போன்ற ஒரு செயல் நடந்ததும்தான் அதைக் கூப்பிட வேண்டும், திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கும் நடுவில் கூப்பிடக் கூடாது.

சரி, இப்போது தட்டினால் பெட்டியைக் காலி செய்யும் எக்ஸ் பட்டன். தமிழில் டைப் செய்பவர்களுக்கு இது அலங்காரம் இல்லை, தேவை. 'கொத்தமல்லித்தூள்' என்று ஒருவர் அடித்துவிட்டார் என்று வையுங்கள். கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் 16 குறி. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகத்தான் சேமிக்கப்படுகின்றன. பல கீபோர்டுகளில் பேக்ஸ்பேஸ் ஒரு அழுத்தலுக்கு ஒரு குறியைத்தான் அழிக்கும்: ள்-இல் புள்ளி போய் ள ஆகும், அப்புறம் ள போகும், பிறகு தூ என்பது த ஆகும். 16 முறை தட்ட வேண்டும். அழுத்திப் பிடித்தால் வேகமாகப் போகும், ஆனால் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது. எக்ஸ் இருந்தால் ஒரு தட்டு.

டெக்ஸ்ட்ஃபீல்டின் டெகரேஷனில் (தோற்ற அமைப்பில்) சஃபிக்ஸ் ஐகான் என்ற கடைசி இடத்தில் ஒரு ஐகான்பட்டனை வையுங்கள். வெறும் ஐகானை வைத்து, தொடுதலைக் கவனிக்கும் ஜெஸ்ச்சர் டிடெக்டரால் சுற்றுவதை நான் விரும்புவதில்லை. ஐகான்பட்டன் என்றால் இயல்பிலேயே 48க்கு 48 அளவில் தொடும் இடம் கிடைக்கும், மஞ்சள் தூள் ஒட்டிய கட்டைவிரலுக்கும் சிக்கும். பட்டனின் சிறு விளக்கமான டூல்டிப்பில் 'அழி' என்று எழுதிவிடுங்கள். பார்வையற்றவர் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் போட்டிருந்தால் வெறும் 'பட்டன்' என்று கேட்காமல் என்ன பட்டன் என்று கேட்கும்.

பெட்டி காலியாக இருக்கும்போது எக்ஸ் தெரியக் கூடாது. இதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும், திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் செட்ஸ்டேட் போட்டு முழுத் திரையையும் வரைய வேண்டாம். கன்ட்ரோலரே ஒரு வேல்யூ லிசனபிள்தான், அதாவது மதிப்பு மாறினால் தகவல் சொல்லும் பொருள். வேல்யூ லிசனபிள் பில்டரால் அந்த ஐகானை மட்டும் சுற்றினால் போதும், எழுத்து இருந்தால் பட்டன், இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஐபோன் பாணியில் செய்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. குபெர்டினோ டெக்ஸ்ட்ஃபீல்டில் க்ளியர் பட்டன் மோட் என்று தயாராக இருக்கிறது.

இனி நிஜமான தொல்லைக்கு வருவோம். தேடல் பெட்டி. பொருள் பெயரைத் தேட டெக்ஸ்ட்ஃபீல்டின் ஆன்சேஞ்ச்ட் என்ற இடத்தில் கோட் எழுதியிருப்பீர்கள்: எழுத்து மாறினால் லிஸ்டைச் சுருக்கு என்று. எக்ஸை அழுத்தினால் பெட்டி காலியாகும், லிஸ்ட் மட்டும் 'கொத்தமல்லி'யிலேயே நிற்கும். காரணம், ஆன்சேஞ்ச்ட் பயனர் கையால் அடிக்கும்போதுதான் ஓடும். கோட் வழியாக மாற்றினால் ஓடாது. இது பிழை இல்லை, ஃப்ளட்டரின் வடிவமைப்பே அப்படித்தான். தீர்வு இரண்டு: எக்ஸ் பட்டனிலேயே க்ளியருக்கு அடுத்த வரியில் தேடல் ஃபங்ஷனை வெற்றுச் சரத்தோடு கூப்பிடலாம், அல்லது ஆன்சேஞ்ச்டை விட்டுவிட்டு கன்ட்ரோலருக்கு லிசனர் (மாற்றத்தைக் கவனிக்கும் ஃபங்ஷன்) போடலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். லிசனர் கர்சர் நகர்ந்தால்கூட ஓடும், தேவையில்லாத தேடல்கள் கிளம்பும்.

தேடல் சர்வருக்குப் போகிறது என்றால் இன்னொன்று. பயனர் தட்டச்சை நிறுத்தும்வரை காத்திருக்க ஒரு டைமர் வைத்திருப்பீர்கள். எக்ஸ் அழுத்தும் நேரத்தில் அந்த டைமர் ஓடிக்கொண்டிருந்தால், பெட்டி காலியான பிறகு பழைய சொல்லுக்கான விடை வந்து லிஸ்டில் உட்காரும். எக்ஸில் டைமரையும் ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே கிளம்பிப் போன கேள்விக்கு விடை வந்தால், பெட்டியில் இப்போது இருக்கும் சொல்லும் அதுவும் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது ஃபார்ம், அதாவது பல பெட்டிகளின் தொகுப்பு. அதன் நிலையை வைத்திருக்கும் ஃபார்ம்ஸ்டேட்டில் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது. அது காலி செய்யாது, ஆரம்பத்தில் என்ன மதிப்பு இருந்ததோ அதற்குத் திருப்பும். வாடிக்கையாளர் விவரத்தைத் திருத்தும் திரையில் அது நியாயமானது, பழைய பெயரும் எண்ணும் திரும்ப வந்துவிடும். புதிய பொருள் சேர்க்கும் திரையில் காலிதான் வேண்டும் என்றால் கன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாக க்ளியர் செய்ய வேண்டும். அப்படிச் செய்ததும் சில ஆப்களில் எல்லாப் பெட்டிக்கும் கீழே 'கட்டாயம் நிரப்பவும்' என்று சிவப்பில் வரும். தானாகச் சரிபார்க்கும் ஆட்டோ வேலிடேட் மோட், பயனர் தொட்டதும் சோதி என்று இருந்தால், க்ளியரும் ஒரு மாற்றமாகவே கணக்காகும், பெட்டி காலி என்று உடனே புகார் வரும். நான் செய்வது: கன்ட்ரோலர்களை க்ளியர் செய்துவிட்டு, செட்ஸ்டேட்டுக்குள் ஃபார்முக்குப் புதிய கீ (அடையாளம்) கொடுப்பேன். ஃபார்ம் புதிதாகப் பிறக்கும், பழைய பிழைச் செய்திகள் கூடவே போய்விடும். கர்சரை முதல் பெட்டியில் வைக்க வேண்டுமென்றால் அதை அடுத்த ஃப்ரேமில், அதாவது திரை மறுபடி வரையப்பட்ட பிறகு செய்யுங்கள்.

எதை எப்போது காலி செய்வது என்பது கோடில் கிடைக்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் கிடைக்கும். எங்கள் ஆப்பில் 'சேர்' பட்டன் அழுத்தினால் பொருள் பெயர், அளவு, விலை மூன்றும் காலியாகும். கர்சர் மறுபடி பொருள் பெயருக்குப் போகும், கீபோர்டு மூடாது. வாடிக்கையாளர் போன் நம்பர் அப்படியே இருக்கும், பில் முடிந்தால்தான் போகும். இப்படி வைத்த பிறகும் ஒரு கடைக்காரர் சொன்னார்: "தம்பி, அளவை ஏன் காலி பண்றீங்க? பாதிப் பேரு ஒரு கிலோதான் கேக்குறாங்க. ஒண்ணுன்னு போட்டு வச்சிருங்க, வேணும்னா மாத்திக்கிறேன்." அதன்படி அளவுப் பெட்டியில் 1 என்று வைத்து, கர்சர் அங்கே வந்ததும் அந்த எண் முழுவதும் செலக்ட் ஆகும்படி செய்துவிட்டோம். வேறு எண்ணைத் தட்டினால் பழையது தானாகப் போய்விடும். அழிக்கும் வேலையே இல்லை.

இதே யோசனை லாகின் திரைக்கும் பொருந்தும். பாஸ்வேர்டு தவறு என்றால் பாஸ்வேர்டை மட்டும் காலி செய்யுங்கள். பெயரையும் சேர்த்து அழிக்கும் ஆப்களை எழுதியவர்கள் தினமும் தங்கள் ஆப்பில் லாகின் செய்வதில்லை போலிருக்கிறது. ஓடிபி தவறென்றால் 6 கட்டத்தையும் ஒரேயடியாகக் காலி செய்து கர்சரை முதல் கட்டத்தில் வையுங்கள். கடைசிக் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வர வைக்காதீர்கள்.

சேமிக்கும் பட்டனில் வரிசை முக்கியம். முதலில் சேமிப்பு, அது வெற்றி என்று தெரிந்த பிறகுதான் க்ளியர். சிக்னல் இல்லாத குடோனில் நின்று இருபது வரி முகவரி அடித்தவர், 'இணைப்பு இல்லை' என்ற செய்தியோடு காலிப் பெட்டியையும் பார்த்தால் அந்த ஆப்பை அன்றே அழித்துவிடுவார். சேமிப்புக்குக் காத்திருக்கும் இடைவெளியில் பயனர் பின்னால் போய்விடவும் கூடும். அப்போது கன்ட்ரோலர் டிஸ்போஸ் ஆகியிருக்கும், அதன் மேல் க்ளியர் கூப்பிட்டால் எரர் வரும். அவைட் (காத்திருப்பு) முடிந்ததும், திரை இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் மவுண்டடைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நீளமான குறிப்புப் பெட்டிக்கு எக்ஸ் வைத்தால், அழித்ததும் கீழே சிறிது நேரம் தோன்றும் ஸ்நாக்பாரில் 'திரும்பக் கொண்டுவா' என்று கொடுங்கள். க்ளியருக்கு முன் கன்ட்ரோலரின் வேல்யூவை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்திருந்தால் அதையே திருப்பிக் கொடுக்கலாம், எழுத்தோடு கர்சரும் பழைய இடத்துக்கு வரும். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கும் டயலாக்கைவிட இது மேல். அந்தக் கேள்விக்கு யாரும் படித்துவிட்டுப் பதில் சொல்வதில்லை.

சோதிக்கும்போது எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போனில்) ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று அடித்துப் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் தமிழ் கீபோர்டு போட்டு, சொல்லின் கீழே அடிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதாவது கீபோர்டு சொல்லை இன்னும் முடிக்காதபோதே எக்ஸை அழுத்துங்கள். உடனே அடுத்த சொல்லை அடியுங்கள். பழைய சொல்லின் வால் எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை, லிஸ்ட் முழுதாகத் திரும்பியது, கீபோர்டு இறங்கவில்லை என்றால் கடைக்கு அனுப்பலாம்.