வாகிசாஷியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசும் முறை

வாகிசாஷி ஜப்பானியச் சாமுராயின் குட்டை வாள். அலகின் நீளம் ஒரு ஷாக்குவுக்கு (பழைய ஜப்பானிய நீள அளவு) மேல், இரண்டு ஷாக்குவுக்குள் இருந்தால், அதாவது 30.3 முதல் 60.6 செ.மீ. வரை, அது வாகிசாஷி. அதற்கும் குட்டையான கத்தி தாந்தோ. எடோ காலத்துச் (1603–1868) சாமுராய் பிறர் வீட்டுக்குள் போகும்போது கதானா என்ற நீள வாளைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். வாகிசாஷி மட்டும் இடுப்பிலேயே இருக்கும். 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. அந்தக் காலத்து அலகுகள் இன்றும் பளபளக்கின்றன என்றால், தலைமுறை தலைமுறையாகத் துடைத்த கைகள்தான் காரணம்.

கூர் மேலே பார்க்க, உறையை இடது கையில் பிடியுங்கள். அலகின் முதுகு மட்டும் உறைக்குள் உரசும்படி நேராக இழுக்க வேண்டும். திருகினால் கூர் மரத்தைச் சீவிவிடும்.

அடுத்து, கைப்பிடியில் குறுக்கே செருகியிருக்கும் மெகுகி என்ற மூங்கில் ஆணியை ஒல்லியான முனையிலிருந்து தட்டி எடுங்கள். கைப்பிடியின் அடியை இடது கையால் பிடித்து, அலகைச் சற்றே சாய்த்து நிறுத்தி, வலது முட்டியால் இடது மணிக்கட்டில் தட்டினால் அலகு தளரும். குட்டை வாளில் பலரும் தவறுவது இங்கேதான். கைப்பிடிக்குள் இருக்கும் அடித்தண்டு, நகாகோ, மிகக் குறுகியது; கதானாவுக்குத் தட்டுவதுபோல் தட்டினால் அலகு துள்ளி வெளியே விழுந்துவிடும். மிக மெதுவாகத் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

நகாகோவில் படிந்திருக்கும் கருந்துருவைத் தொடவே வேண்டாம். வாளின் வயதைக் கணிக்க அதுவும் ஒரு சான்று, கொல்லர் பொறித்த பெயரும் அங்கேதான் இருக்கும். அதைத் தேய்த்து மினுக்குவது வாளுக்குச் செய்யும் பெருங்கேடு.

கசக்கி மென்மையாக்கிய வாஷி என்ற ஜப்பானியத் தாளை முதுகுப் பக்கமிருந்து மடித்துப் பிடித்து, அடியிலிருந்து நுனி நோக்கி மட்டும் துடையுங்கள். பின்னோக்கி இழுத்தால் விரல் போய்விடும். பழைய எண்ணெய் போகவில்லை என்றால் மட்டும் உச்சிகோ, அதாவது மெருகுக்கல் பொடிப் பொட்டலத்தால் இருபுறமும் லேசாக ஒற்றி, வேறொரு தாளால் துடைக்கவும். மலிவான பொடியில் பருக்கை இருக்கும், கீறல் விழும். நல்ல பொடியும் அடிக்கடி போட்டால் மெருகைத் தேய்க்கும். அலகுக்கு மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சிலின் ஈரம் போதும் துருப்பிடிக்க.

பிறகு சோஜி எண்ணெய், அதாவது வாளுக்குப் பூசும் கிராம்பு மணமுள்ள எண்ணெய். இரண்டு மூன்று துளியைத் தாளில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பூசுங்கள். சொட்டச் சொட்டப் பூசினால் உறை ஊறி, தூசி ஒட்டி, அந்த இடத்திலேயே துரு கிளம்பும். புதிதாக மெருகிட்ட அலகுக்கு முதல் சில மாதங்கள் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஜப்பானின் ஜூன், ஜூலை மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் பாருங்கள். துருப்புள்ளி தெரிந்தால் உப்புத்தாளை எடுக்காமல் மெருகுக் கலைஞரிடம் கொடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது, அலகின் அடியைச் சுற்றி உட்காரும் ஹபாகி என்ற உலோகப் பட்டையைக் கழற்றியிருந்தால் அதை முதலில் ஏற்றி, அலகைக் கைப்பிடிக்குள் இறக்கி, கைப்பிடியின் அடியை உள்ளங்கையால் தட்டி இறுக்கவும். மெகுகி கீறியிருந்தால் முற்றிய மூங்கிலில் புதிது சீவிப் போடுங்கள். இரும்பு ஆணி கைப்பிடி மரத்தைப் பிளந்துவிடும்.