ஓட்டிசமுள்ள பிள்ளை பதின்ம வயதுக்கு வரும்போது வீடுகளில் நடக்கும் பிழைகள்

ஒன்பது, பத்து வயதில் பழக்கியிருக்க வேண்டியதைப் பதினாலில் தொடங்குவதுதான் மிக அதிகமாகக் காணப்படும் பிழை. ஓட்டிசம் பருவமடைவதைத் தள்ளிப்போடாது. பேச்சு நாலு வயதுப் பிள்ளையின் அளவில் இருந்தாலும், மீசையும் மாதவிடாயும் மற்றப் பிள்ளைகளுக்கு வரும் வயதிலேயே வந்துவிடும். ஒரு விதியைப் பழக மாதக்கணக்கு எடுக்கிற பிள்ளைக்கு, பழகிய விதியை மாற்ற அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். ஆகவே வீட்டில் எதையும் அனுமதிக்க முதல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இருபத்தைந்து வயதிலும் இதையே செய்தால் சரிவருமா? வருகிற ஆட்களின் மடியில் ஏறி இருப்பது, ரோட்டில் போகிற பெண்களின் தலைமயிரைத் தொடுவது, வாசலில் நின்று உடுப்புக் கழற்றுவது எல்லாம் இந்தக் கேள்வியில் அடிபட்டுப் போகும்.

கிணற்றடியும் கதவும்

யாழ்ப்பாணத்து வளவுகளில் பெடியன்கள் சாரத்தோடு கிணற்றடியில் குளிப்பது புதினமில்லை. எங்கே எதை மறைக்க வேண்டும் என்பதை மற்றப் பிள்ளைகள் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. கிணற்றடியில் உடுப்பு மாற்றலாம் என்றால் முற்றத்திலும் மாற்றலாம், பள்ளிக்கூட மைதானத்திலும் மாற்றலாம் என்றே அது எடுக்கும். பத்து வயதுக்குள் குளிப்பைக் கதவுள்ள குளியலறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுடுப்பை உள்ளே கொண்டுபோதல், கதவுக் கொண்டி போடுதல், குளித்தல், துடைத்தல், முழுதாக உடுத்தல், கொண்டி திறத்தல் என்ற ஆறு படிக்கும் ஆறு படங்களைக் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். உதவியைக் கடைசிப் படியிலிருந்து குறைத்து வாருங்கள்: முதலில் கொண்டி திறப்பதைப் பிள்ளை தானாகச் செய்யட்டும், அது பழகியபின் உடுத்துவதையும் விடுங்கள். வேலை முடிகிற இடத்தில் பிள்ளையின் கை இருந்தால் பழக்கம் விரைவாக ஊறும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக இருப்பது நல்லது.

விதிக்கு விலக்கு இருந்தால் அதையும் படமாக்க வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். "வெளியில சேட் கழற்றக் கூடாது" என்று பழகின பெடியன் கோயில் வாசலில் அடம்பிடிப்பதில் என்ன பிழை? "கோயிலுக்குள்ள கழற்றலாம், வெளியில வந்ததும் போடவேணும்" என்று தனிப் படம் கொடுத்து, திருவிழாக் காலத்துக்கு முதல், சனம் குறைந்த ஒரு காலையில் பழக்குங்கள். 25 நாள் திருவிழாவில் தேரன்றுதான் முதன்முதலாகக் கூட்டிப்போக வேண்டும் என்று எந்த நேர்த்தியும் இல்லை.

சுய இன்பம்

இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் பிழைகளும் இங்கே கூட. அடிப்பது, சூடு வைப்பதாகப் பயமுறுத்துவது, "பாவம்" என்று சொல்வது எதுவும் உதவாது. உடம்பின் இயல்பான வேலை அது. இடம் மட்டும்தான் பிரச்சினை. விதி ஒன்றே போதும்: தன் அறை, கதவு சாத்தி, தனியாக. "பாத்ரூமுக்குள்ள போய்ச் செய்" என்று சொல்லிக் கொடுப்பதைத் தவிருங்கள். பஸ் நிலையத்திலும் பாடசாலையிலும் இருப்பதும் பாத்ரூம்தானே. பிள்ளை சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும். தனியறை இல்லாத வீட்டில் ஒரு மூலைக்குத் திரை கட்டி, வீட்டார் உள்ளே வராத ஒரு நேரத்தை ஒதுக்கலாம். விறாந்தையில் தொடங்கினால் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் "அறைக்குள்ள" என்ற ஒரு சொல்லோடு வழிகாட்டுங்கள். கத்தினால் அந்தக் கவனத்துக்காகவே திரும்பச் செய்யும். எந்நேரமும் கை அங்கேயே போனால் வெக்கையில் வரும் தேமலோ அரிப்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெண்பிள்ளைக்கு

மார்பு வளரத் தொடங்கினால் முதல் மாதவிடாய்க்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம் இருக்கும். அதுவே ஆயத்த காலம். நாப்கினை உலர்ந்தபடி முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணித்தியாலம், பிறகு இரண்டு மணித்தியாலம் அணியப் பழக்குங்கள். உள்ளாடையில் அது ஒட்ட வேண்டிய இடத்தை மார்க்கரால் கோடு கீறிவிடுங்கள். சிவப்புச் சாயம் விட்ட நாப்கினைச் சுற்றிக் குப்பையில் போடப் பழகின பிள்ளை, இரத்தத்தைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. ஈரமானதை உணர்ந்து மாற்று என்று சொன்னால் பலருக்கு அந்த உணர்வே தெளிவாக இராது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று நேரத்தைப் பிடியுங்கள்.

பிள்ளை பெரியபிள்ளையானதும் செய்யும் சாமத்தியச் சடங்கு வேறொரு கரைச்சல். அஞ்சு வகைச் சாப்பாடு மட்டுமே உண்ணும் பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கினால், அதன்பின் அந்த அஞ்சில் இரண்டு குறைந்துவிடலாம். ஜரிகைச் சேலை, வீடியோ வெளிச்சம், மண்டபம் நிறைந்த சனம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தாங்கச் சொல்வது கொடுமை. செய்தே ஆகவேண்டுமென்றால் வீட்டில், பருத்தி உடுப்போடு, கால் மணித்தியாலத்தில் முடியுங்கள். மண்டபம் பெரியவர்களின் ஆசை, பிள்ளை கேட்கவில்லை.

ஆணோ பெண்ணோ, "மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு" என்று கட்டாயப்படுத்துவது ஆபத்தான பழக்கம். தன் உடம்பை மற்றவர் தொடுவதை மறுக்க முடியாது என்றுதான் அதிலிருந்து பிள்ளை படிக்கும். வணக்கம் சொல்லப் பழக்கினால் போதும். துஷ்பிரயோகம் நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வெடிக்கும் நேரம்

பிள்ளை கத்தி, தன் கையைக் கடித்து, சாமான் எறிகிற நேரத்தில் "ஏன் இப்பிடிச் செய்யிறாய்?" என்று கேட்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். அந்த நேரத்தில் கதை விளங்கும் நிலையில் அது இல்லை. ரீவியை நிறுத்துங்கள், மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், பக்கவாட்டில் இரண்டு முழம் தள்ளி நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள். கட்டிப்பிடித்து அடக்குவது ஆறு வயதில் நடந்திருக்கும். பதினைந்து வயது உடம்பு தாயைத் தள்ளி விழுத்திவிடும். அடங்கிய பிறகும் அரை மணித்தியாலமாவது விசாரணை வேண்டாம். ஒரு கொப்பியில் நேரம், முதல்நாள் நித்திரை, சாப்பாடு, மலம் கழித்தது, முன்னர் நடந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். மூன்று கிழமையில் காரணம் பெரும்பாலும் தலைகாட்டும்.

அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள். சூத்தைப் பல், காது நோ, மலச்சிக்கல், மாதவிடாய் வயிற்றுநோ என்று வரிசையாகப் பாருங்கள். சொல்லத் தெரியாத நோ, அடியாகவும் கடியாகவும்தான் வெளிவரும்.

வலிப்பு ஓட்டிசமுள்ளவர்களில் கூடுதலாக வருகிறது. பதின்ம வயதில் புதிதாகத் தொடங்கவும் கூடும். கையில் இரும்பு கொடுப்பதும், வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் கிடத்தி, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள்.

மருந்து

ரிஸ்பெரிடோன் போன்றவை கடும் எரிச்சலையும் தாக்குதலையும் குறைக்கக் கொடுக்கப்படுகின்றன. ஓட்டிசத்தை மாற்ற அல்ல. பசியும் நிறையும் ஏறும் என்பதால் மாதம் ஒருமுறை நிறையை அளந்து எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். "பிள்ளை இப்ப நல்லம்" என்று நினைத்துத் தாங்களாகவே திடீரென நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. நிறுத்துவதானால் வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மாத்திரைப் போத்தல்களைக் கொடுக்க முதல் வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பிலிருந்து உலோகத்தை அகற்றுகிறோம் என்று சொல்லும் சிகிச்சையால் அமெரிக்காவில் 2005இல் ஓட்டிசமுள்ள சிறுவன் ஒருவன் இறந்தான். கலியாணம் கட்டினால் சரியாகும் என்ற ஆலோசனையும் இந்த வகைதான், அதில் இன்னொரு உயிரும் சேர்ந்து மாட்டுப்படும்.

பேச்சும் படமும்

படங்களையோ போன் செயலியையோ காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பலர் தவிர்க்கிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சிலருக்குப் பேச்சும் கூடவே வருகிறது. பதினைந்து வயதாகியும் தொடங்கலாம். பேசாத பிள்ளைக்கு முன்னால் வைத்து "இவனுக்கு ஒண்டும் விளங்காது" என்று அயலட்டைக்குச் சொல்வதை மட்டும் இன்றே விடுங்கள்.

கடைசியாக ஒரு காகித வேலை. 15 வயதில் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதிபர் ஊடாக அது நடந்துவிடும். வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கிராம அலுவலரிடம் நீங்களே போக வேண்டும், அங்கேதான் தவறிப்போகிறது. அட்டைக்குப் படம் எடுக்கும் ஸ்ரூடியோவின் வெளிச்சத்துக்கும் அசையாமல் இருப்பதற்கும் வீட்டில் போன் பிளாஷோடு ஒரு கிழமை பழக்கிவிட்டு, ஸ்ரூடியோவில் ஆளில்லாத நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.