கீழ்த்தாடை நரம்புக் குழாயைச் சிபிசிடி (பல், தாடைக்கான முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேனில் தேடுவது எப்படி?

கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாய் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. சிலருக்கு அது இரண்டாகக் கிளைக்கும். சிலருக்கு மென்டல் துளைக்கு (நரம்பு தாடை எலும்பிலிருந்து வெளியே வரும் துளை) பக்கத்தில் இன்னொரு துளை இருக்கும். இது தெரியாமல் ஞானப்பல்லை எடுத்தாலோ இம்ப்ளான்ட் (செயற்கைப் பல் வேர்) வைத்தாலோ ரத்தக் கசிவும் உதடு மரத்துப்போவதும் நேரலாம். மரத்துப்போகும் ஊசி போட்டும் வலி தெரிவதற்கு இந்தக் கிளை ஒரு காரணமாக இருக்கலாம். இந்த வேறுபாடுகளை ஆய்வுக்காகக் கணக்கெடுப்பவர்களுக்கான படிகள் இவை.

படி 1: ஆய்வுக்கென்று யாருக்கும் புதிதாக ஸ்கேன் எடுக்காதீர்கள். அது தேவையில்லாத கதிர்வீச்சு. சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்களை, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, பெயரை நீக்கிவிட்டு வயதும் பாலினமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிவு, கட்டி, அசைந்து கலங்கிய படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். வோக்செல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) அளவையும் பாருங்கள்: 0.4 மி.மீ. என்றால் 1 மி.மீ. கிளைக்குக் குறுக்கே இரண்டு மூன்று வோக்செல்தான் கிடைக்கும். 0.2 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது.

படி 2: ஸ்கேன் படங்கள் உள்ள டைகாம் கோப்பைத் திறந்து (3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம்தான்) தாடையின் கீழ்விளிம்பைக் கிடைமட்டமாக்குங்கள். அப்புறம் பல் வரிசையை ஒட்டி ஒரு வளைகோடு வரைந்து, அதற்குச் செங்குத்தாக 1 மி.மீ. இடைவெளியில் குறுக்குவெட்டு ஸ்லைஸ்களை எடுங்கள்.

படி 3: தாடையின் பின்பக்கம் மேல்நோக்கி எழும் எலும்புப் பகுதியில், உட்புறமாக நரம்பு நுழையும் துளையிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை விளிம்பு கட்டிய கறுப்பு வட்டம்தான் குழாய். சில இடங்களில் அந்த விளிம்பு மங்கிவிடும். அங்கே ஊகித்துக் கோடு போடாமல், தெளிவாகத் தெரியும் அடுத்த இடத்துக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

படி 4, கிளை. பொறுமை வேண்டிய இடம் இதுதான். இரண்டாவது கறுப்புப் புள்ளி தெரிந்த உடனே "இரட்டைக் குழாய்" என்று எழுதிவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜை இடைவெளி என்றால் சில ஸ்லைஸ்களிலேயே மறைந்துவிடும். உண்மையான கிளை தொடர்ந்து வரும். ஓரிடத்தில் பிரதான குழாயோடு சேரும். அந்தச் சந்திப்பைக் குறைந்தது இரண்டு வெட்டுத் திசைகளில் பார்த்த பிறகே கணக்கில் சேருங்கள். ஓபிஜி எக்ஸ்ரேயில் (முழுத் தாடையையும் ஒரே தட்டைப் படமாகக் காட்டுவது) மைலோஹையாய்டு பள்ளத்தின் நிழல்கூட இரண்டாவது குழாய் போலக் காட்டி ஏமாற்றும். குறுக்குவெட்டில் பார்த்தால் அது எலும்பின் உட்புற மேற்பரப்பில் இருப்பது தெரிந்துவிடும். கிளை உறுதியானால், நைட்டோ என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் தந்த வகைப்பாட்டின்படி குறியுங்கள்: ஞானப்பல்லுக்குப் பின்னால் போவது, பல் வேருக்குப் போவது, முன்னோக்கி ஓடுவது, கன்னப்பக்கமோ நாக்குப்பக்கமோ பிரிவது.

படி 5: மென்டல் துளை எந்த முன்கடைவாய்ப்பல்லுக்கு நேராக இருக்கிறது என்று குறியுங்கள். பக்கத்துத் துளை நரம்புக் குழாயோடு இணைந்திருந்தால் மட்டுமே அது கூடுதல் மென்டல் துளை.

படி 6: சில வாரங்கள் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் ஸ்கேன்களில் ஒரு பகுதியை மறுபடி அளந்து பாருங்கள், இன்னொருவரையும் அளக்கச் சொல்லுங்கள். உண்டு, இல்லை என்ற பதிவுகளுக்குக் கப்பா மதிப்பும், மி.மீ. அளவுகளுக்கு ஐசிசியும் போதும் (இரண்டு முறை எடுத்த பதிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்கள் இவை). இடது, வலது பக்கங்களைத் தனித்தனியாகப் பதியுங்கள். ஆனால் ஒரே ஆளின் இரண்டு பக்கங்களை இரண்டு ஆட்களாக எண்ணிவிடாதீர்கள்.