லீ டாங்கி 1/35: சங்கிலிப்பட்டையில் மாட்டிக்கொள்ளாமல் கட்டி முடிக்க

பிளாஸ்டிக் டாங்கி மாடல் கட்டுகிறவர்கள் பாதியில் மூடிப் பரணில் ஏற்றிவிட்ட பெட்டிகளை இறக்கிப் பாருங்கள். உடல் ஒட்டியிருக்கும், கோபுரம் தயாராக இருக்கும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப்பட்டையின் கண்ணிகள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் அப்படியே கிடக்கும். கை நடுக்கமோ பொறுமைக் குறைவோ இதற்குக் காரணம் இல்லை. பெட்டிக்குள் வரும் வழிகாட்டித் தாளின் வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு போனால் அந்த இடத்தில் வேலை நிற்கத்தான் செய்யும். எந்தத் துண்டு எங்கே போகும் என்று அந்தத் தாள் சொல்லும். எதை ஒட்டாமல் நிறுத்திவைக்க வேண்டும், எதற்கு எப்போது பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லாது. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கியான எம்3 லீயை 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்காக, நான் கட்டி முடித்த வரிசையைக் கீழே எழுதுகிறேன். உங்கள் கையில் வேறு டாங்கி இருந்தாலும் பட்டை பற்றிய பகுதி பொருந்தும்.

நிப்பரில் வெட்டுவது, வெட்டிய இடத்தை உப்புத்தாளில் தேய்ப்பது, துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் லீ?

டைகர், பாந்தர் என்று ஜெர்மன் டாங்கிகளைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அதை ஏன் கட்ட வேண்டும்? இங்கே பெரிய வீடுகளின் வளவில் நிற்கும் தூண் பர்மாத் தேக்கு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ஊருக்குள் நுழைந்துவிட்டான். ரங்கூன் மொகல் தெருவில் தொழில் நடத்திய கிட்டங்கிகளை விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களின் கதை இந்தப் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கிடைக்கும். திரும்பிப் போய் அந்த நாட்டைப் பிடித்த படையோடு போனது இந்த லீ.

ஐரோப்பாவில் 1944-இல் இது பழைய சாமான். 75 மி.மீ. பீரங்கி கோபுரத்தில் இல்லாமல் உடலின் வலப்பக்கம் பதித்திருக்கும், முழுவதும் திரும்பாது. மேலே கோபுரத்தில் இருப்பது 37 மி.மீ. மட்டும். ஆனால் பர்மாப் போரில் பதுங்குகுழிகளை உடைக்க அந்த 75 மி.மீ. நன்றாகவே உதவியது. 1944 ஏப்ரல் 13 அன்று இம்பாலுக்குப் பக்கத்தில் நுன்ஷிகும் குன்றின் உச்சிவரை ஏறியது மூன்றாவது கராபினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படையின் லீ டாங்கிகள்தான். கோகிமாவில் ஒரு லீ இன்றும் நிற்கிறது. அதன் புகைப்படங்கள் கிடைக்கும், பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

முடித்த மாடல் சுமார் 16 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம் இருக்கும். எங்கள் அப்பத்தா பார்த்துவிட்டுக் கேட்டது, "ஏப்பா, இம்புட்டுக் காசு போட்டு வாங்கியிருக்க, இதுல ஆரு ஏறிப் போறது?"

முதல் முறை கட்டுகிறவர்களுக்கு ஒன்று. மினிஆர்ட் கம்பெனி இயந்திரம், இருக்கை, குண்டு அடுக்கும் பெட்டி என்று உட்புறம் முழுவதும் உள்ள லீ போடுகிறது. அழகுதான், ஆனால் மேலே மூடியதும் பாதி வேலை கண்ணுக்குத் தெரியாது. முதல் டாங்கிக்கு வேண்டாம்.

மேஜையும் தரையும்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மாடல் துண்டு விழுந்தால் அதை மறந்துவிடலாம். பூவும் கட்டமும் நாலு நிறத்தில் கண்ணைப் பறிக்கும், நடுவில் நாலு மி.மீ. சாம்பல் நிறத் துண்டு எப்படித் தெரியும்? பழைய வெள்ளை வேட்டி ஒன்றின் ஒரு ஓரத்தை மேஜை விளிம்பில் டேப் போட்டு ஒட்டி, மறு ஓரத்தை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். விழுவது மடியிலேயே நிற்கும். கிட்டில் வரும் மெல்லிய பித்தளைத் துண்டுகளைக் கையாளும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முற்றத்து வெளிச்சம் வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் அருமை, பெயிண்டுக்கு ஆகாது. தூசி வந்து உட்காரும்.

போகிகள்: ஒட்டாதீர்கள், நிறுத்துங்கள்

சக்கரங்களைத் தாங்கும் சட்டம்தான் போகி. லீயின் ஒவ்வொரு பக்கமும் மூன்று போகி, போகிக்கு இரண்டு சக்கரம். முன்னால் பட்டையை இழுக்கும் பல்சக்கரம், பின்னால் பட்டை சுற்றித் திரும்பும் ஐட்லர் சக்கரம். போகிகளை உடலில் பசை போட்டு ஒட்டச் சொல்லித் தாளில் இருக்கும். அதைச் செய்யாதீர்கள். போகியையும் அதன் சக்கரங்களையும் தனியாக முழுதாகக் கட்டிக்கொண்டு, உடலில் பொருத்தும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு ஃபெவிக்கால் வையுங்கள். வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கைக் கரைக்காது, கெட்டியாகவும் பிடிக்காது. நமக்கு அதுதான் வேண்டும்.

பசை காய்வதற்குள் டாங்கியைக் கண்ணாடி மேல் நிறுத்தி ஆறு ஆறு பன்னிரண்டு சக்கரமும் தரையைத் தொடுகிறதா பாருங்கள். கண்ணாடிக்கு அலைய வேண்டாம், முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் உடைந்த படச்சட்டத்தோடு கிடைக்கும். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு நின்றால் இப்போதே சரி செய்ய வேண்டும், பட்டை சுற்றிய பிறகு முடியாது. பல்சக்கரமும் ஐட்லரும் சும்மா செருகி இருக்கட்டும்.

சங்கிலிப்பட்டை

உண்மையான லீயில் ஒரு பக்கத்துக்கு 79 கண்ணி. ஒவ்வொன்றும் 6 அங்குலம், 1/35-இல் அது சுமார் 4.4 மி.மீ. ஆகிறது. பழைய கிட்களில் வளையும் ரப்பர் பட்டை ஒரே துண்டாக வரும். இப்போது வருவதில் பெரும்பாலும் கண்ணி கண்ணியாகத்தான்.

முதலில் எல்லாக் கண்ணியையும் வெட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இதை ஒரே நாளில் செய்ய வேண்டாம், கண் போய்விடும். சக்கரத்தைப் பார்க்கும் உட்பக்கத்தில், அச்சில் வார்த்தபோது விழுந்த குழி இருந்தால் விட்டுவிடுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும்.

அடுத்து, கண்ணாடி மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள். ஸ்கேலின் விளிம்பில் கண்ணிகளை வரிசையாக முட்டி அடுக்குங்கள், ஓரத்துக் கொம்புகள் மேலே பார்த்திருக்க வேண்டும். இருபது அடுக்கியதும் இன்னொரு ஸ்கேலை மறுபக்கம் வைத்து நெருக்கினால் கோணல் போய்விடும்.

இனிப் பசை. தமியா கம்பெனிப் பசையில் பச்சை மூடிப் பாட்டிலைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். உடலுக்கும் கோபுரத்துக்கும் நானும் அதைத்தான் போடுகிறேன். பட்டைக்கு அது சரிப்படாது. அதில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். நம்ம ஊர் வெயிலுக்குப் பத்தாவது கண்ணிக்குப் போவதற்குள் முதல் கண்ணி இறுகிவிடும், பல்சக்கரத்தில் வளைத்தால் படக்கென்று விட்டுப்போகும். இந்த இடத்தில்தான் எனக்கு வேலை நின்றது, அடுத்தவர்களுக்கும் இங்கேதான் நிற்கிறது. ஆரஞ்சு மூடியில் வரும் கெட்டிப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மெதுவாக இறுகும். கண்ணிகள் சேரும் கோட்டில் மெல்லிசாகத் தடவுங்கள், கொம்புகளில் படக்கூடாது.

தடவியதும் காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று என்னால் சொல்ல முடியாது. சித்திரையில் ஒரு கணக்கு, ஐப்பசியில் ஒரு கணக்கு. அதிரசத்துக்குப் பாகு வைப்பது போல இதற்கும் பதம்தான், கடிகாரம் இல்லை. வரிசையின் ஒரு முனையை இடுக்கியால் லேசாகத் தூக்குங்கள். கண்ணிகள் பிரிந்தால் இன்னும் ஆகவில்லை. குச்சி போல நேராக எழுந்தால் தாண்டிவிட்டது, சேரும் கோட்டில் திரும்ப ஒரு தடவை பசை தொட்டு வையுங்கள். தூக்கிய முனை தளர்ந்து தொங்கி, கண்ணி விடாமல் இருந்தால் அதுதான் நேரம்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றும் நாற்பது கண்ணி அளவில். ஒன்று ஐட்லரைச் சுற்றி, இன்னொன்று பல்சக்கரத்தைச் சுற்றி. இரண்டும் சேரும் இடம் ஒன்று தரையைத் தொடும் பக்கத்தின் நடுவில், மற்றது மேலே. லீயின் உடல் பட்டைக்கு மேல் கூரை போல நீண்டிருப்பதால் மேல் இணைப்பு மறைந்துவிடும். பல்சக்கரத்தில் தொடங்குங்கள், பல் கண்ணிகளின் இடைவெளியில் உட்கார வேண்டும். அது சரியாக உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கடைசிக் கண்ணி சேராமல் அரைக் கண்ணி இடைவெளி விழும். பயப்பட வேண்டாம், ஐட்லரை முன்னும் பின்னும் திருப்பித்தான் நிஜ டாங்கியிலும் பட்டையை இறுக்கினார்கள். நீங்கள் ஒட்டாமல் விட்ட ஐட்லரையும் கொஞ்சம் நகர்த்துங்கள். அப்படியும் சேராவிட்டால் ஒரு கண்ணியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம், எண்ணிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

மேல் உடலைச் சும்மா பொருத்தி, அதற்கும் பட்டைக்கும் நடுவில் ஸ்பாஞ்சைச் சின்னச் சின்னதாக வெட்டிச் செருகுங்கள். பட்டை மேல் உருளைகளில் படிந்து உட்காரும். நிஜ லீயில் இருப்பது ரப்பர் பதித்த பட்டை என்பதால் பெரிதாகத் தொங்காது, இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் போதும். ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

காலையில் போகிகளை மெல்ல அசைத்தால் ஃபெவிக்கால் விட்டுவிடும், பிடிவாதம் செய்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று போகி, பல்சக்கரம், ஐட்லர், பட்டை எல்லாம் ஒரே துண்டாகப் பக்கவாட்டில் கழன்று கைக்கு வரும். பெயிண்ட் வேலையில் பாதி இங்கேயே முடிந்த மாதிரி.

ரிவெட்

லீயின் உடல் முழுக்க ரிவெட். நிஜப் போரில் குண்டு பட்டால் ரிவெட்டின் உட்தலை தெறித்து உள்ளே இருப்பவனைத் தாக்கும், அது வேறு கதை. மாடலில் ஆபத்து உப்புத்தாளுக்கு. இணைப்புக் கோட்டைத் தேய்க்கும்போது பக்கத்து ரிவெட்டும் சேர்ந்து போய்விடும். டேப்பால் மூடிவிட்டுத் தேயுங்கள். போய்விட்டால், அடிப்பாகத்தில் வெளியே தெரியாத ரிவெட் ஒன்றைப் புது பிளேடால் சீவி எடுத்து, பச்சை மூடிப் பசையில் ஒரு தொடுகை கொடுத்து வையுங்கள். பிளேடு புதிதாக இருக்க வேண்டும், பழசு நசுக்கிவிடும்.

பித்தளைத் துண்டுகளுக்கு ஃபெவிக்விக் போதும், ஆனால் டியூபிலிருந்து நேராக விடாதீர்கள். மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையில் தொட்டு வையுங்கள்.

பெயிண்ட்

டயரும் பட்டையும் இரண்டும் ரப்பர்தானே. கழற்றிய துண்டு முழுவதற்கும் முதலில் கரும்பழுப்பு அடித்துவிடுங்கள். பிறகு சக்கரத்தின் வட்டத்துக்கும் போகிக்கும் மட்டும் பச்சை. கடையில் கிடைக்கும் வட்ட ஸ்டென்சிலைச் சக்கரத்தின் மேல் வைத்து அடித்தால் ஓரம் சுத்தமாக வரும். பன்னிரண்டு டயரை பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றி வரைகிற வேலை மிச்சம்.

உடலுக்கு நான் போட்டது தமியா எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப். ஏர்பிரஷ் வாங்குவதானால் காற்று டேங்க் வைத்த கம்ப்ரசரும் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பிரஷ்ஷே மேல். மதியம் அடிக்காதீர்கள். பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். விடிகாலையில், தின்னரில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேர்த்து அடித்தால் வழவழப்பாக வரும்.

எண்ணும் சின்னமும் அச்சிட்ட டீக்காலை ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பின் அதை மென்மையாக்கிப் படியவைக்கும் மைக்ரோ சால், அது காய்ந்ததும் மேட் வார்னிஷ். அவ்வளவுதான்.

புழுதிக்கு நம்ம செம்மண்ணையே போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வேட்டித் துணியில் சலித்தாலும் 1/35-க்கு அது கூழாங்கல்தான். மண்ணை நிறத்துக்கு மாதிரியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேஸ்டல் சாக்கைப் பிளேடால் சுரண்டிப் பொடியாக்கித் தடவுங்கள். மண்ணை அடித்தளப் பலகையில் போட்டுக்கொள்ளலாம், அங்கே பிரமாதமாக இருக்கும்.

பின்சேர்க்கை

தேவகோட்டையிலிருந்து ஒருவர், பட்டை சுற்றும்போதே போகி கழன்று வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஃபெவிக்கால் பால் நிறம் மாறித் தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை உடலைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம்.

ரப்பர் பட்டை வரும் பழைய கிட்டுக்கு ஆரஞ்சு மூடிப் பசை பிடிக்குமா என்று இன்னொரு கேள்வி. பிடிக்காது. முனைகளைக் கறுப்பு நூலால் தைத்து, தையலை மேல்பக்கம் உடலுக்கு அடியில் வையுங்கள்.

முன்விளக்குக் கண்ணாடி வெள்ளையாகப் புகை படிந்துவிட்டதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அது ஃபெவிக்விக்கின் ஆவி. தெளிவான துண்டுகளுக்கு ஃபெவிக்கால் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் மேலே ஒரு கோட் பளபளப்பு வார்னிஷ் தடவிப் பாருங்கள், லேசான புகையாக இருந்தால் மறைந்துவிடும்.