பவளத் தொட்டியில் போகவே போகாத பழுப்புப் படிவு

பவளம் வளர்க்கும் புதுக் கடல்நீர்த் தொட்டியில் முதல் சில வாரம் மணலில் பழுப்புத் தூள் படிவது சகஜம், தானே போய்விடும். மாதக்கணக்கில் நீடித்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அந்தப் பழுப்பு டயட்டம் என்ற நுண்பாசி. அது தன் மேலோட்டைச் சிலிக்காவால்தான் கட்டுகிறது. பெங்களூரு போர்வெல் தண்ணீரோ கிரானைட் பாறையிலிருந்து வருவது, அதனால் சிலிக்கா கலந்திருக்கும்.

ஆர்ஓ மட்டும் போதாது, பின்னால் டிஐ ரெசின் (மிச்ச அயனிகளைப் பிடிக்கும் மணிகள்) வேண்டும். ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்காதான். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. பூஜ்யம் என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். டிஐயிலிருந்து வரும் தண்ணீரையே சிலிக்கேட் (கரைந்த சிலிக்கா) கிட்டில் சோதியுங்கள். தொட்டித் தண்ணீரில் பயனில்லை, டயட்டம் அதைத் தின்றிருக்கும். சமையலறை ஆர்ஓ வேண்டவே வேண்டாம். பலவற்றில் மினரலுக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள்.

ரெசினை மாற்றியபின் வாரம் 10–15% தண்ணீர் மாற்றுங்கள், படிவைக் குழாயால் உறிஞ்சியபடியே. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள்) சிலிக்கேட்டையும் பிடிக்கும். ஆனால் பாதி அளவில் தொடங்குங்கள். பாஸ்பேட் பூஜ்யமானால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிர் கிளம்பும், அது இதைவிடப் பெரிய தலைவலி. நூல்நூலாய், குமிழியோடு, கொழகொழவென்று இருந்தால் ஏற்கெனவே அதுதானோ என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செரித், ட்ரோகஸ் நத்தைகள் மேய்ந்து உதவும்.